முழுசாக அடித்த மிஸ்டு கால்

போனை எடுக்காமலேயே பேசத் தெரிந்த மனுஷி, மதுரை மாவட்டத்திலேயே எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஒத்தக்கடையில் நான் வேலைக்குப் போய்க்கொண்டு தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருத்தியும் "ஆஜர்" என்று சத்தமாகச் சொல்லாவிட்டால் தட்டில் சோறு விழாது. அதனால் அவர் எங்களுக்கு ஆஜர் அக்கா. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

செல்போன் வந்த புதிது. போனில் பேசுவது அக்காவுக்குக் காசைக் கரியாக்குகிற வேலை. அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். போன இடத்திலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தால் பத்திரம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஆபத்து, அவரே கிளம்பி வருவார். எடுத்துப் பேச மட்டும் மாட்டார். ஒருமுறை விவரம் தெரியாத அவருடைய தம்பி கொட்டாம்பட்டியிலிருந்து இரண்டு மிஸ்டு கால் கொடுத்துவிட்டார். அக்கா மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். போய்ப் பார்த்தால் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

எனக்கோ அப்போது ஓட்டப் பைத்தியம். விடியற்காலையில் தனியாக ஓடினால் தெருநாய்கள்தான் துணைக்கு வரும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களுக்கான ஒரு குழுவில் ஆள் தேடினேன். 'சூறாவளி' என்ற பெயரில் ஒருவன் அகப்பட்டான். தினமும் எம்புட்டு தூரம் ஓடுகிறான் என்று அவன் எழுதியதைப் படித்தாலே எனக்கு மூச்சு வாங்கும்.

அவனோடு ஓடப் போவதாக அக்காவிடம் சொன்னேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"போ. ஆனா டீக்கடை வாசல்லதான் பாக்கணும். அவன் வண்டியில ஏறக் கூடாது. இடத்த மாத்துனான்னா திரும்பி வந்துரணும். போனதும் ஒன்னு அடி."

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். விடுதிக்குப் பக்கத்திலிருந்த பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போனேன், ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். பத்திரம் என்று அக்காவுக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் வந்தான். ஓட வந்தவன் ஜீன்ஸ் பேன்ட்டும் தோல் செருப்பும் போட்டிருந்தான்.

"ஷூ வண்டியில இருக்குங்க. அந்தா, அந்த வளைவுலதான் நிக்குது. வாங்க."

முகத்துக்கு நேராக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மரியாதைக்காகக் கூட நடந்தேன். வளைவில் பைக் நின்றது. ஷூவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் டீக்கடையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இங்க ஒரே லாரியா போகுதுங்க. கண்மாய்க் கரையில ஆளே இருக்காது. ஏறுங்க."

குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். கட்டியதை அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். ஒரு கையால் லேஸை இழுத்தபடியே இன்னொரு கையால் அக்கா நம்பரை அழுத்தினேன். ஒன்று அடித்து, கட் பண்ணி, இன்னொன்று அடித்தால் போதும். முதல் மணி போகும்போதே அவன் போனைப் பிடுங்கிவிட்டான்.

"ஓடுறப்ப போன் எதுக்குங்க? நான் வச்சுக்கிறேன்."

கட் பண்ணாமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பைக்குள்ளிருந்து அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அக்காதான் எடுக்கவே மாட்டாரே! அவன் பைக்கை உதைத்தான்; வெகுநேரம் மக்கர் பண்ணிவிட்டுத்தான் அது கிளம்பியது. "ஏறுங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்தான். இம்புட்டு நாள் ஓடிப் பழகியவளுக்கு, ஓட வேண்டிய நேரத்தில் கால் மரத்துப்போனது.

"கொஞ்சம் இருங்க, இந்த லேஸு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் வளைவில் ஒரு ஷேர் ஆட்டோ சாய்ந்து திரும்பியது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஆஜர் அக்கா, நைட்டி மேலே துண்டு. பின்னால் விடுதியில் பாதிப் பேர், அத்தனை பேரும் நைட்டி மேலே துண்டு. ஒருத்தி வாயில் பல் தேய்த்த நுரை.

"ஏ புள்ள! ஆஜரா?"

"ஆஜர்க்கா!" என்று கத்தினேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

அக்கா இறங்கி அவன் காலைப் பார்த்தார். "ஓட வந்தீகளா தம்பி? இந்தச் செருப்புலயா? சரி, எங்களோட ஓடுங்க பாப்போம்." பிள்ளைகள் வண்டி நம்பரைக் கோரஸாகப் படித்தார்கள். சூறாவளி போனை ரோட்டில் எறிந்துவிட்டுப் பறந்துவிட்டான்.

"ரெண்டாவது கால் வரலையேக்கா, எப்படி வந்தீங்க?"

"ஒன்னுன்னா ஒன்னு, ரெண்டுன்னா ரெண்டு. இது நிக்காம முழுசா அடிச்சுச்சு. எம்புள்ளைக யாரும் அப்படி அடிக்க மாட்டாகளே. பதறிப்போயிட்டேன்டி. டீக்கடைக்காரருதான் இந்தப் பக்கம் கை காட்டுனாரு."

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்து அதே குழுவில் அகப்பட்ட ஆனையூர் நர்ஸை மட்டும் முதல் நாள் டீக்கடையில் உட்காரவைத்து, தாய்மாமன் பெயர் வரை விசாரித்த பிறகே ஓடவிட்டார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். தினமும் ஓடி முடித்ததும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். எடுக்க மாட்டார். போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன், கொடுக்கவில்லை. வெயில் ஏறிய நேரத்தில் போன் அடித்தது. அக்கா நம்பர். கட் ஆகும் என்று காத்திருந்தேன், ஆகவில்லை. முழுசாக அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"ஆஜரா?"

"ஆஜர்க்கா."

மூச்சை விட்டது கேட்டது. உடனே வைத்துவிட்டார்.