‘எந்த வலி’ டாக்டர்

டாக்டரிடம் போய் “வலிக்குது” என்று சொன்னதற்காகத் திட்டு வாங்கிய ஜனங்கள் உலகத்தில் எங்கேயாவது உண்டா? உண்டு. சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஓர் ஊரே அப்படித் திட்டு வாங்கியது. திட்டியவரின் பெயர் கிளினிக் பலகையில் பட்டங்களோடு பெரிதாக எழுதியிருந்தது. அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘எந்த வலி’ டாக்டர்.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப். கழுத்தில் டை, தோளில் தோல் பை, தலைக்கு மேலே விருதுநகர் மாவட்டத்து வெயில். அந்த வெயிலில் டை கட்டச் சொன்ன மானேஜரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழும்.

“டாக்டரய்யா, வலிக்குதுங்க.”

“எந்த வலி?”

“கால் வலி.”

“காலுங்கிறது எடம். நான் எடத்தையா கேட்டேன்? எந்த வலின்னு கேட்டேன். குத்தலா, குடைச்சலா, கடுப்பா, காந்தலா, உளைச்சலா? சுள்ளுன்னு இழுக்குதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா? பஸ்ஸுல ஏறி ‘ஊருக்கு ஒரு டிக்கெட்’னு கேட்டா கண்டக்டரு குடுப்பானா? எந்த ஊருக்குன்னு கேப்பான்ல?”

பதில் தெரியாதவர்களை வெளியே பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார். “போயி உக்காந்து உம்ம வலியோட கொஞ்ச நேரம் பேசிட்டு வாரும்” என்பார். அந்த பெஞ்சில் எப்போதும் நாலைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் இது ஏதோ தியான மண்டபம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைப் போல ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்வார்கள். “ஏக்கா, ராத்திரியெல்லாம் மொழங்கால்ல ஒரு மாதிரி இருக்கு. அது குடைச்சலா கடுப்பா? நீ போன தடவை என்ன சொன்ன?”

பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். குடைச்சல் என்று சொல்லிவிட்டு உள்ளே போன ஒரு விவசாயியைப் பத்துக் கேள்வி கேட்டு, அது குடைச்சல் இல்லை, எரிச்சல்தான் என்று நிரூபித்து, சர்க்கரை வியாதியைக் கண்டுபிடித்து அனுப்பினார். அந்த மனிதர் வெளியே வந்து, “பொய் சொன்னதுக்குச் சர்க்கரையக் குடுத்துட்டாருய்யா” என்று புலம்பினார்.

என் முறை வந்தது. கம்பெனி சொல்லிக்கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். “எல்லா விதமான வலிக்கும் ஒரே மாத்திரை சார்.”

“கைய நீட்டும்” என்றார். நீட்டினேன். முழங்கைக்கு மேல் தோலைப் பிடித்து ஒரு திருகு திருகினார். நான் அலறி முடிப்பதற்குள் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தார்.

“ரெண்டும் ஒன்னா?”

“இல்ல சார்!”

“அப்ப ரெண்டுக்கும் ஒரே மாத்திரையா?”

“எங்க கம்பெனில அப்படித்தான் சார் சொல்லச் சொன்னாங்க.”

“அப்ப அவுகளையும் வரச் சொல்லும் பைக்காரரே. அவுகளுக்கும் சுண்டுவிரல் இருக்கும்ல.”

அன்றிலிருந்து நான் பைக்காரர். மாதம் ஒரு முறை திட்டு வாங்கப் போவேன். மற்ற டாக்டர்கள் சிரித்த முகமாக சாம்பிளை வாங்கிக்கொண்டு என்னை மறந்துவிடுவார்கள். இவர் ஒருவர்தான் போன மாதம் நான் உளறியதைக்கூட ஞாபகம் வைத்திருந்து திட்டுவார். அதில் ஒரு மரியாதை இருந்தது.

ஒரு நாள் ஆலங்குளத்திலிருந்து ஒரு பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல்லைப் பிடுங்கப் போகிற வழியில் வலிக்கு மாத்திரை வாங்கிப் போக வந்திருந்தார்.

“எப்ப வலிக்குது?”

“மாடிப்படி ஏறுனா வலிக்குது சார். உக்காந்தா நின்னுருது.”

“ஏறுனா வலிக்குதா? பல்லு என்னைக்குவே மாடி ஏறுச்சு?”

சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார். மாரடைப்பு வாசல் வரை வந்து நின்றிருக்கிறது. உயிர் பிழைத்து வந்த பெரியவர் நன்றி சொன்னாரா? “பல்லு இன்னும் அப்படியேதான் இருக்கு, அந்த ஆளு அதைப் பாக்கவே இல்லை” என்று பஸ் ஸ்டாண்டில் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரித்தாயிற்று. இனி அந்த டாக்டருக்கு நிஜமாகவே கோபம் வந்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வேன் வேனாக வருவார்கள். விரலெல்லாம் அலுமினியப் பொடி ஏறிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். தோளிலும் இடுப்பிலும் வலி. ஆனால் சொல்ல மாட்டார்கள். “ஒன்னுமில்ல சார், லேசாத்தான். ஒரு ஊசி போட்டு விடுங்க, வேன் நிக்குது.” வலிக்கிறது என்று சொல்கிறவளை மறுநாள் வேனில் ஏற்ற மாட்டார்கள். வலியை மறைக்கத் தெரிவது அங்கே ஒரு தகுதி. ஊரே வெடிச்சத்தத்தை விற்றுப் பிழைக்கிறது, அதைச் செய்கிறவர்கள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

கூடவே போர்மேன் ஒருவர் வருவார். கேள்வியை டாக்டர் அவளிடம் கேட்டால், பதில் அவரிடமிருந்து வரும்.

“அவளுக்கு லேசான வலிதான் டாக்டர்.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதா? தெனம் பாக்குறேன்ல.”

“ஓகோ, வலி உமக்குள்ள இருக்கா? அப்ப ஊசியும் உமக்குத்தான். திரும்பும்.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தவருக்கு நிஜமாகவே சத்து ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பினார். செய்தி ஏரியா முழுக்கப் பரவியது. அதன்பிறகு போர்மேன்கள் எல்லோரும் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே வந்த பெண்கள் முதல் தடவையாகத் தங்கள் வலியைத் தாங்களே சொன்னார்கள். சிலர் அதைச் சொல்லும்போது அழுதார்கள்.

அந்த வருஷ சீசனில் ஒரு மத்தியானம், பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. நான் பையோடு கிளினிக் பெஞ்சில் இருந்தேன். வேனில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் முத்துராசு. கையும் கன்னமும் வெந்து, தெருவே கேட்கக் கத்தினான். இன்னொருத்தி பேச்சியம்மாள், முப்பது வயதிருக்கும். மேலே போர்வை போர்த்தியிருந்தார்கள். சத்தமே இல்லை. தண்ணீர் கேட்டாள். கூட வந்த புருஷனிடம், “பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துருவான், நீங்க போங்க” என்றாள்.

டாக்டர் வெளியே வந்து, கத்துகிறவனை நர்ஸிடம் விட்டுவிட்டு நேராகப் பேச்சியம்மாளிடம் போனார். முத்துராசுவின் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே டாக்டரு! உயிரு போகுதுன்னு கத்துறவன் இங்கன கெடக்கான், நீ அங்கன என்னலே பண்ற?”

சொல்லிக்கொண்டே ஓர் அறை விட்டான். கண்ணாடி தெறித்து விழுந்தது. டாக்டர் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். “கத்துற ஆளு பொழைச்சுக்கிருவான்யா. கத்தாத ஆளைப் பாக்க விடு” என்று மட்டும் சொன்னார்.

வேனோடு வந்திருந்த அந்தக் கம்பெனிப் போர்மேன் இந்தத் தடவை தைரியமாக உள்ளே வந்தார். “அவளுக்கு வலியே இல்லையாம் டாக்டர். களிம்பு குடுத்தீகன்னா வீட்டுல விட்ருவோம். கேஸு முத்துராசு ஒருத்தனோட போகும்.” புருஷனும் கையெடுத்துக் கும்பிட்டான். “ஆமாங்க, ஆத்தா புண்ணியத்துல இவளுக்கு ஒன்னுமில்ல. வலிக்கலைங்கிறா.”

டாக்டர் போர்வையை விலக்கினார். முதுகும் வயிறும் சிவப்பாக இல்லை. வெளுத்து, தோல்வார் மாதிரி விறைத்திருந்தது. ஓர் ஊசியை எடுத்து மெதுவாகக் குத்தினார்.

“குத்துனது தெரியுதா தாயி?”

“எப்பக் குத்துனீக?” என்றாள் பேச்சியம்மாள்.

டாக்டர் புருஷன் பக்கம் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். “வலிக்கணும்யா. வலி சொல்ற நரம்பே வெந்துபோச்சு, அதான் வலிக்கல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு ராத்திரி தாண்டாது. மதுரைக்குப் போகணும்.” அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மதுரைக்கு ஆம்புலன்ஸில் நான்கு பேர் போனோம். பேச்சியம்மாள், புருஷன், டாக்டர், குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க நான். விருதுநகர் தாண்டுவதற்குள் வலி வந்துவிட்டது. நடுவில் கருகிய இடம் சும்மா இருக்கும், கருகாமல் தப்பிய ஓரமெல்லாம் எரியும் என்றார் டாக்டர். இருந்த ஊசியைப் போட்டார். அது அந்த வலியின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இந்த மாதிரி வலிக்கு மார்பின் என்று ஒரு மருந்து உண்டு. அதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அந்த மனிதர் வருஷக்கணக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறார். “போதைக்காரன் கேக்குற சாமான் டாக்டருக்கு எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். வெடிமருந்து மூட்டை மூட்டையாக வேனில் போகிற ஊரில், இந்தச் சின்னக் குப்பிக்குத்தான் அத்தனை காவல். அதில் லாபம் இல்லை என்பதால் அதற்காகப் பை தூக்க என்னைப் போல ஒருவனும் கிடையாது. டாக்டர் என் பையைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பேச்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ரத்தம் வந்தது.

“கத்து தாயி. கத்துனா கொஞ்சம் தாங்கும்.”

“வேண்டாம் சார்.”

“ஏன் தாயி?”

“சத்தம் போட்டா வைவாக.”

“இங்கன யாரு வையப் போறா?”

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பல்லைக் கடித்தாள்.

அப்போது டாக்டர் கத்தினார். “ஐயோ! அம்மா! எரியுதே!” டிரைவர் பயந்துபோய்ப் பிரேக் போட்டான். “நீ ஓட்டுலே!” என்று அவனை வைதுவிட்டு, பட்டம் வாங்கிய அந்த மனிதர், அடி வாங்கிய கன்னம் வீங்கியிருக்க, கண்ணாடி கோணலாகத் தொங்க, நாலு வழிச் சாலையில் மறுபடியும் கத்தினார். பேச்சியம்மாள் அவரையே பார்த்தாள். அந்த வேதனையிலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். அப்புறம் வாயைத் திறந்தாள். திருமங்கலம் வரைக்கும் இரண்டு பேருமாகக் கத்தினார்கள். கம்பெனியை, போர்மேனை, நெருப்பை, சாமியை எல்லாம் பேர் சொல்லி வைதார்கள்.

அவள் பிழைக்கவில்லை. முத்துராசு பிழைத்தான். அவன் அண்ணன் அறைந்ததற்காக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை, சீசன் வேலை அதிகம். கம்பெனி சில நாளில் மறுபடியும் திறந்தது.

பேச்சியம்மாளின் புருஷன் மட்டும் காரியம் முடிந்த பிறகு கிளினிக்குக்கு வந்தான். வைய வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழுந்து டாக்டரின் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கதவோரமாகவே நின்று சொன்னான்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல சார். ஒங்க கூடக் கத்துனா பாருங்க, அன்னைக்குத்தான் கேட்டேன். அம்புட்டு வெங்கலக் குரலு சார் அவளுக்கு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு எத்தனையோ பெரிய ஆஸ்பத்திரிகளை, குளிர் வீசும் அறைகளை, வாய் நிறையச் சிரிக்கும் டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது அவரைக் கிறுக்கன் என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. நாளைக்கு எனக்கு ஒரு பெரிய வலி வந்து, கத்தவும் திராணி இல்லாமல் கிடந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகக் கத்த அந்தக் கிறுக்கன்தான் வேண்டும்.