வாலோடா, வாலில்லாமலா?

ஆங்கிலத்தில் வால் முளைத்த சொற்கள் உண்டு. ஸ்லோ என்று ஒன்று நிற்கும். பக்கத்திலேயே ஸ்லோலி என்று வாலோடு அதன் தம்பி நிற்பான். கேர்ஃபுல், கேர்ஃபுலி. குயிக், குயிக்லி. எந்த இடத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நம்மில் பாதிப் பேர் வாயைத் திறப்பதே இல்லை. அந்தப் பாதிக்கு நான்தான் தலைவி. லிங்கநகரில் நான் படித்த ரியூஷன் வகுப்பில், வால் மாறினால் மாஸ்டர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும், வெள்ளைக்காரர்களைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகில் வழிகாட்டி வேலை கேட்டுப் போனேன். படகுச் சொந்தக்காரர், கிண்ணியா ஊர்க்காரரான நிசாம் நானா. கடுமையாக உழைப்பேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல நினைத்து, ஹார்ட் என்ற சொல்லுக்கு மரியாதையாக ஒரு வாலை ஒட்டி ஹார்ட்லி என்றேன். வேலையே செய்யமாட்டேன் என்று அர்த்தமாகிவிட்டது. (நானா திருப்தியாகத் தலையாட்டினார். அவருக்கும் வால் விவகாரம் தெரியாது. கடவுள் இருக்கிறார்.)

ஒருநாள் செய்து பார்க்கச் சொன்னார். சரிவந்தால் வேலை நிரந்தரம். சரிவராவிட்டால் கொழும்பில் மாமாவின் புடவைக் கடையில் போய் நிற்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கோ இந்தக் கடலை விட்டுப் போகக் கொஞ்சமும் விருப்பமில்லை.

வேலை என்னவோ சுலபம்தான். அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்து, ஆட்களை இறங்குதுறையிலிருந்து ஏறச் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் பெரிய தொப்பி போட்ட ஓர் இத்தாலிக்கார அம்மா. அவர் காலைத் தூக்கும்போது படகு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்க வாயைத் திறந்தேன்.

கேர்ஃபுலா, கேர்ஃபுலியா?

அவர் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டார். மற்றக் கால் இறங்குதுறையில். படகு மெல்ல விலகியது. சரி, ஸ்லோ என்று சொல்லலாமா? ஸ்லோலியா? அம்மாவின் கால்கள் அகன்றுகொண்டே போயின. என் தலைக்குள் மாஸ்டர் சிவப்புப் பேனையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, குந்துங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டு பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். நல்ல எண்ணம்தான். இருவருமாகத் தொபுக்கடீர் என்று கடலுக்குள் விழுந்தோம்.

லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் மிதந்தோம். வேலை போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் பயத்தைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது. என் தோளைப் பிடியுங்கள், பயப்படாதீர்கள், இதோ கயிறு வருகிறது என்று ஆங்கிலம் கொட்டியது. வால் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். (தொப்பி மட்டும் தனியாகத் துறைமுகம் சுற்றிப் பார்க்கப் போய்விட்டது.)

மேலே ஏறியதும், என்னுடையதைவிட மோசமான ஆங்கிலத்தில், இந்தப் பிள்ளை வந்தால்தான் திமிங்கிலம் பார்க்கப் போவேன் என்று நானாவிடம் அடம்பிடித்தார். போனோம். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட.

பின்னேரம் நானா சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கும் வாங்க. ஆனா கரையில நிண்டு யோசிக்காதீங்க."

சில வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை நேரே என்னிடமே சம்மதமா என்று கேட்டார். பிடித்துத்தான் இருந்தது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பலகாரம் பொரிந்துகொண்டிருந்த குசினிக்குள் இருந்து அண்ணாவின் குரல் கேட்டது.

"இவளை ஒருக்காக் கடலுக்குள்ள தள்ளி விடுங்கோ. பதில் தானா வரும்."

இப்போதும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், என் கணவர் எழுந்து லைஃப் ஜாக்கெட் தேடுகிறார்.