வாடகைக்கு விட்ட பங்குகள்

அதியன்னூரில் இப்போது பங்கு வைத்திருக்காதவரைக் கல்யாண வீட்டில்கூட யாரும் மதிப்பதில்லை. ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் சத்தியதாஸ் மதிப்பை விரும்புகிறவர். ஓய்வூதியப் பலன் மொத்தத்தையும் பூவாரில் படகு விடும் ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட்டார். மனைவி ரத்னபாயின் அடுக்களை ஒழுகியது. கிறிஸ்துமஸுக்குள் பங்கை விற்றுக் கான்கிரீட் போட்டுத் தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நிறுவனம், வளர்ச்சியை முன்னிட்டு, கொச்சிக்காரர் ஒருவரிடம் பத்துக் கோடி வாங்கி ‘மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்கு’ வழங்கியது. அவர் நினைத்த நாளில், அன்றைய சந்தை விலைக்கு, அதைச் சாதாரணப் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டத்தில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் பங்குதாரர்கள் எல்லாரும் சட்டென்று கை தூக்கி ஒப்புதல் அளித்தார்கள்.

அடுத்த மாதம் தரகர் ஒரு யோசனை சொன்னார். சும்மா கிடக்கும் பங்குகளைக் கடனாகக் கொடுத்தால் வாடகை வரும். வாங்குகிறவர் அவற்றை விற்றுவிட்டுப் பிறகு அதே எண்ணிக்கையைத் திருப்பித் தருவார். சத்தியதாஸ் அத்தனையையும் கொடுத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இந்தச் சாமர்த்தியத்தை ஊருக்கே சொன்னார்.

அதன்பின் பங்கின் விலை நூறிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. கிறிஸ்துமஸும் வந்தது. ரத்னபாய் தார்ப்பாயின் கீழ் கேக் சுட்டார்.

நெய்யாற்றின்கரை மண்டபத்தில் நிறுவனத்தின் பொதுக்குழு கூடியது. சத்தியதாஸ் எழுந்து நியாயம் கேட்டார். செயலாளர் சஜின் வணக்கத்துடன் பதிலளித்தார்.

“விலை கொறஞ்சா கொச்சிக்காரருக்கு நல்லதாக்கும் சாரே. அதே பத்துக் கோடிக்கு கூடுதல் பங்கு கிட்டும்.”

“அதுக்கு?”

“மொதல்ல கடன் வாங்குன பங்க வித்துத் தள்ளி விலைய எறக்குவாரு. பெறகு மாத்திக் கிட்டுன பங்க வச்சி கடன அடைப்பாரு. எல்லாம் சட்டப்படி உள்ளதாக்கும்.”

“அவருக்குப் பங்கு கடன் குடுத்த துரோகி ஆரு?”

சஜின் மடிக்கணினியைப் பார்த்தார். “மொதல் பேரு சாருக்க பேராக்கும்.”

மண்டபம் கைகொட்டிச் சிரித்தது. துரோகி என்று நாலைந்து பேர் கத்தவும் செய்தார்கள். சஜின் நிறுத்தாமல் அடுத்தடுத்த பெயர்களை வாசித்தார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது.

கடன் வாங்கி விற்கும் ஈனச்செயலைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மேற்படி வாடகை அரை சதவீதம் உயர்த்தப்படுகிறது என்று தரகரும் மேடையேறி அறிவித்தார். திரும்பி வந்த பங்குகளை மறுபடியும் கடன் கொடுக்க விருப்பமுள்ளோர் வலப்பக்கம் வரிசையில் வரலாம்.

விலைதான் போயிற்று, வாடகையாவது வரட்டும் என்று சத்தியதாஸ் ஓடினார். அவரைத் துரோகி என்றவர்கள் அதற்குள் முன்னால் போய் நின்றிருந்தார்கள். அந்நேரம் பார்த்து ரத்னபாய் போனில் கூப்பிட்டு, அடுக்களைக்கு ஒரு வழி பிறந்ததா என்று கேட்டார்.

“இப்ப ஒண்ணும் கேக்காத ரத்னா,” என்றார் சத்தியதாஸ். “பேசிக்கிட்டு நின்னா பொறத்த நிக்கவன் எனக்க எடத்த எடுத்துருவான்.”