ஸ்பேனர் மாமாவின் கூடுதல் பட்டை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடவுளை நம்பாதவர்கள் பலர் உண்டு. மெக்கானிக்கை நம்பாதவர் ஒருவர்தான்: எங்கள் எதிர்வீட்டு ஸ்பேனர் மாமா.

அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்ட். வாரநாட்களில் கோப்புகள் நகராமல் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய அம்பாசடர் நகராமல் பார்த்துக்கொள்வார். எதையும் அவரே கழற்றுவார். மாட்டுவது அடுத்த ஞாயிறு.

2008இல் சரோஜா அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, சிதம்பரத்தில் முதுகில் ஆபரேஷன் என்று முடிவானது. அத்தை ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை.

"திரும்பி வரப்ப மட்டும் உங்க வண்டியில ஏத்திடாதீங்க. தையல் பிரிஞ்சிடும்."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அத்தைக்குத் துணையாக அவர் தங்கை வந்ததும், கடலூருக்கு ஓடிவந்து தெருவிலேயே ஜாக்கி போட்டார். பின்சக்கரங்களைக் கழற்றி, வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை உருவிப்போட்டார். பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்.

"பாரம் தாங்காததாலதான் குலுக்குது. பட்டை ஜாஸ்தியானா குலுக்கல் கம்மி!"

"கரெக்ட் மச்சான்" என்றார் அடுத்த வீட்டு லூர்து சார். அவர் கணக்கு வாத்தியார் என்பதால் தெருவே நம்பியது.

ஜாக்கியை எடுத்த பிறகும் பின்பக்கம் இறங்கவில்லை. தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி நின்றது வண்டி. ஓட்டிப் பார்க்கத் திருவந்திபுரம் கோயில் வரை கிளம்பினோம். சின்னப் பள்ளத்துக்கெல்லாம் பின்சீட்டில் இருந்த என் தலை கூரையைத் தொட்டது. முன்னால் இருந்த லூர்து சார் தேவமாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது, கோயிலில் பஸ்ஸைத் தவறவிட்ட மூன்று பேர் பின்சீட்டில் என்னோடு நெருக்கியடித்து ஏறினார்கள். வண்டி தொட்டில் மாதிரி போனது.

"பாத்தீங்களா? வண்டியில கோளாறே இல்ல. ஆளுங்கதான் கம்மி!" என்றார் மாமா. தவறை ஒப்புக்கொள்வது சர்வீஸ் ரூலில் இல்லை போலும்.

டிஸ்சார்ஜ் அன்று காலை, சந்தையில் ஆடு பிடிப்பவர் போல எங்களை ஏற இறங்கப் பார்த்தபடி தெருவில் நடந்தார். பாரத்துக்கு ஆள் எடுக்கிறார்!

"அரிசி மூட்டை ஏத்தலாமே மாமா?"

"மூட்டை உருளும்டா. வளைவுல ஒதுங்கி உக்காரத் தெரியுமா அதுக்கு?"

லூர்து சார், மளிகைக்கடை அண்ணாச்சி, அவர் மச்சினன், நான். என் தொப்பைக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் மரியாதை அது.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்து அத்தை திகைத்தார். "இவுங்கல்லாம் எதுக்குங்க?"

"உன்னப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்" என்றார் மாமா கூசாமல்.

"கடையக்கூட மூடிட்டா வந்தீங்க அண்ணாச்சி?" அத்தைக்குக் கண் கலங்கியது. அண்ணாச்சி ரோட்டைப் பார்த்தார்.

அத்தையின் தங்கை பஸ்ஸில் கிளம்பிவிட, அத்தையை முன்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பின்னால் நாங்கள் நால்வரும் பெட்டிக்குள் அடுக்கிய மாம்பழம். சைக்கிள்கள் எங்களை முந்தின. வேகத்தடை வரும்போதெல்லாம் மாமா வண்டியை நிறுத்தி, இறங்கி, அதன் உயரத்தைப் பார்த்துவிட்டு வந்து, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கி வைப்பதுபோல் ஏற்றி இறக்கினார். எங்கள் கால்கள் மரத்துப்போயின.

புதுச்சத்திரம் தாண்டி அத்தை கண்விழித்தார்.

"குலுக்கலே தெரியலைங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நாங்கள் நால்வரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கனமாக இருக்க முயன்றோம்.