மேடைக்குக் கீழே ஒருவர்

“அழைப்பிதழ்ல என்ட பேர் நாலாம் இடத்துல இரிக்கி, மாஸ்டர்” என்றார் ஜவுபர் ஹாஜியார் தொலைபேசியில். குரலில் கோபமே இல்லை. அதுதான் றஊபுக்குப் பயமாக இருந்தது.

றஊப் கல்முனையில் கணித ஆசிரியர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுதிக்கு வெளியீட்டு விழா. அழைப்பிதழ் அன்று காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்திருந்தது. அரிசி ஆலைக்காரரான ஹாஜியார்தான் முதற்பிரதி பெறப்போகிறவர். அவர் முகம் கோணினால் விழா கந்தல்.

றஊபின் ஆசை என்னவோ சின்னதுதான். ஒரு கதையைத் தன் வாயால் வாசிக்க வேண்டும். அதை நாலு பேர் ஒழுங்காகக் கேட்க வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. அவர் தொண்டையைச் செருமினாலே மனைவி ஸம்றாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். நல்ல மனுசி, மறைக்கத்தான் தெரியாது.

“கதை கேக்கத்தானே கூப்பிடுறீங்க? பேர் என்னத்துக்கு?” என்று ஸம்றா கேட்டாள்.

“பேர் போடாட்டி ஆரு புள்ள வருவாங்க?”

இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தார். கணித மூளை அல்லவா, விடை கிடைத்துவிட்டது. எல்லாப் பெயர்களையும் வட்டமாகப் போட்டுப் புது அழைப்பிதழ் அச்சடித்தார். வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஹாஜியார் அட்டையைத் தன் பெயர் மேலே வரும்படி திருப்பிப் பிடித்து, “இப்பதான் சரி” என்றார்.

றஊப் நிம்மதியாகத் தேநீர் குடிக்க உட்கார்ந்தார். பாதி குடிப்பதற்குள் செல்லத்தங்கம் ரீச்சர் அழைத்தார். விழாவில் நூலைப் பாராட்டி நயவுரை ஆற்ற ஒப்புக்கொண்டிருந்தவர்.

“மாஸ்டர், என்ட பேர் தலைகீழா நிக்கிது.”

“அட்டையக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க ரீச்சர்.”

“நான் திருப்புவன். மத்தாக்கள் எனக்காகத் திருப்புவாங்களா?”

இதற்குக் கணிதத்தில் விடை இல்லை. “நீங்க மேடையில இரிங்க ரீச்சர், மேடையில எல்லாரும் நேராத்தான் இரிப்பாங்க” என்று சொல்லித் தப்பினார்.

அந்தச் செய்தி பகலுக்குள் பக்கத்து ஊரான நற்பிட்டிமுனைக்குப் போய்விட்டது.

“ரீச்சர் மேடையில, நாங்க கீழயா?” என்றார் அங்கிருந்து ஒரு கவிஞர்.

“நீங்களும் மேடைதான்.”

“என்னக் கூப்பிட்டா என்ட மச்சினனயும் கூப்பிடணும். அவரும் எழுதுறவர்தான்.”

“ஓம், அவரும் மேடைதான்.”

யார் யாருக்குச் சொன்னோம் என்பதே றஊபுக்கு மறந்துவிட்டது. தொலைபேசி அடித்தால் வாய் தானாகவே “நீங்களும் மேடைதான்” என்றது. மகனுக்கு டியூஷன் நேரம் கேட்டு அழைத்த ஒரு தகப்பனுக்கும் அதையே சொல்லி வைத்தார். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக விழாவுக்கு வந்துவிட்டார்.

விழா அன்று கீழேயிருந்த கதிரைகள் ஒவ்வொன்றாக மேடைக்கு ஏறின. அறிவிப்பாளர் றினாஸ் மேடையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லி முடித்து, தண்ணீர் குடித்து, “சபையிலே வீற்றிருக்கும்…” என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மாஸ்டர், சபை எங்க?” என்று காதோரம் கேட்டார்.

றஊப் எட்டிப் பார்த்தார். வாசலில் புத்தக மேசையோடு ஸம்றா. நடுவில் ஒரு கதிரையில், மடியில் குடையோடு ஒரே ஒரு பெரியவர். மற்றதெல்லாம் வெறும் தரை.

“சபையிலே வீற்றிருக்கும் ஐயா அவர்களே!” என்று றினாஸ் சமாளித்தார்.

ஹாஜியார் முதற்பிரதியைப் பெற்று, அதாலேயே விசிறிக்கொண்டார். றஊப் கதையை வாசிக்க எழுந்தபோது மேடை முழுவதும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு கைத்தொலைபேசியைத் தடவியது.

ஆனால் கீழே இருந்த பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் றஊபையே பார்த்தார். சிரிப்பு வருகிற இடத்தில் உதட்டைக் கடித்தார். சோகமான இடத்தில் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். இப்படி ஒருவர் கேட்டால் போதும், வேறு யாரும் வேண்டாம் என்று றஊபுக்கு மனசு நிறைந்துபோனது. மேடையை மறந்து, அந்த ஒருவருக்காகவே கடைசி வரி வரை வாசித்தார்.

வாசித்து முடித்ததும் ஒரு புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்.

“மெதுவா, விழுந்துராதீங்க!” என்று வாசலிலிருந்து ஸம்றா கத்தினாள்.

“ஐயா, இவ்வளவு சனத்துக்குள்ள நீங்க ஒராள்தான் உண்மையான வாசகர்” என்றார் றஊப், கண் கலங்க. “உங்கட பேரச் சொல்லுங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறன்.”

பெரியவர் குடையை ஊன்றி எழுந்தார்.

“இப்பதானா மாஸ்டர் பேர் கேக்கிறீங்க? கவிஞர் அழகரெத்தினம். ரெண்டு அழைப்பிதழ்லயும் என்ட பேர விட்டுட்டீங்க. அதுக்கு எதிர்ப்புக் காட்டத்தான் மேடையில ஏறாம இவ்வளவு நேரமும் கீழ குந்தியிருந்தன்!”