இடப்பக்கத்துப் பின்டயர்

ஸைனுலாப்தீன் காருக்குப் பின்னால் குந்தியிருந்து இடப்பக்கத்து டயரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரின் வெளிவிளிம்பு மழித்த தலைபோல மொழுமொழுவென்று இருந்தது. அதற்கு இரண்டு விரல் உள்ளே, வாங்கிய நாளில் இருந்த வெட்டுகள் அப்படியே இருந்தன. வலப்பக்கத்து டயரில் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில்தான் மட்டக்களப்பிலிருந்து கொண்டுவந்து பூட்டியிருந்தார்.

"அதுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?" என்று தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றாள் அவர் மனைவி றாஹிலா.

"இது ஒரு பக்கமாத் தேயுது."

"ரோட்டுல ஓடினாத் தேயத்தானே செய்யும்."

"நாலு சில்லும் அதே ரோட்டுலதானே ஓடுது. இது மட்டும் ஏன் தேயுது?"

றாஹிலா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் 'ஏன்' என்று கேட்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில், மணி பிந்தி அடித்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்து, மூன்று நாள் அதற்குப் பக்கத்திலேயே சாப்பிட்ட மனிதர் அவர்.

சாய்ந்தமருதில் அப்போது வாடகைக்கு ஓடிய கார்கள் இரண்டே இரண்டு. ஸைனுலாப்தீனின் கறுப்புக் காருக்குத்தான் மதிப்பு அதிகம். காரணம், அது தாழ்ந்த கார். பிறக்கும்போது அப்படி இல்லை. நாலு மாதத்துக்கு முன் ஊரின் பெரிய வயற்காரரான பக்கீர்முகைதீன் போடியார் வந்து, "உன்ட காருல ஏற ஏணி வேணும் போல இரிக்கி தம்பி. எங்கட ஊட்டுக்காரிக்கு முழங்கால் ஏலா. ஏதும் செய்ய ஏலுமா?" என்று கேட்டார். கல்முனைச் சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த இளையதம்பி பாஸ் பின்பக்க ஸ்பிரிங்குகளில் அடுக்கியிருந்த இரும்புத் தட்டுகளில் இரண்டிரண்டைக் கழற்றி எடுத்தார். கார் நாலு விரல் இறங்கி, அசைபோடப் படுத்த மாடுபோல ஆனது. அதற்குப் பிறகு முழங்கால் வருத்தக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கலியாணப் பெண்கள் எல்லாரும் அந்தக் காரைத்தான் கேட்டார்கள்.

போடியாருக்குக் கார் தேவைப்பட்ட காரியம்தான் நல்ல காரியம் இல்லை. நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனைவி ஹாஜறா அவர்மேல் காதியாரிடம் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார். ஹாஜறா கன்றிலிருந்து வளர்த்த எருமையைப் போடியார் ஒரு வார்த்தை கேட்காமல் சவளக்கடை ஊரில் விற்றுவிட்டார். அதுதான் வழக்கு. ஊரில் பாதிப் பேர் எருமையின் பக்கம், பாதிப் பேர் போடியாரின் பக்கம். உள்ளூரில் எல்லாரும் யாருக்காவது சொந்தம் என்பதால் வழக்கு சம்மாந்துறைக் காதியாரிடம் போயிருந்தது. புதன்கிழமைதோறும் விசாரணைத் தவணை. ஊரில் கார் இரண்டு இருந்தாலும் ஹாஜறாவுக்கு ஏறக்கூடிய கார் ஒன்றுதான். ஆகவே வழக்காளியும் எதிராளியும் ஒரே காரில் போனார்கள்.

முன் சீட்டில் போடியாரை ஏற்ற முடியாது. அவர் வயிறு கியரைப் போட விடாது. பின் சீட்டின் இடது அந்தத்தில் ஹாஜறா, வலது அந்தத்தில் போடியார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வழக்கம்போலத் திரைச்சீலை. ஜன்னல்களுக்கும் சீலை. வாசலில் மூன்று மகள்மாரும் மருமகன்மாரும் பேரப்பிள்ளைகளும் கூடிநின்று, மையித்து எடுக்கிற முகத்தோடு வழியனுப்புவார்கள். காரைதீவைக் கடந்து, மாவடிப்பள்ளி வயலைக் கடந்து, சம்மாந்துறை வரும்வரை பின்னாலிருந்து ஒரு சொல் கேட்காது. ஸைனுலாப்தீனுக்கு முதுகு கூசும்.

டயருக்கு வருவோம். இளையதம்பி பாஸ் பார்த்துவிட்டு, "டயர்லதான் பிழை காக்கா. அச்சுல வார்க்கக்குள்ள ஒரு பக்கம் மெத்தனாப் போயிருக்கும். இடத்த வலத்துக்கு மாத்திப் பாப்பம்," என்றார்.

மாற்றினார்கள். மூன்று கிழமையில், இடப்பக்கம் வந்த நல்ல டயரும் அதே இடத்தில் அதே மாதிரி மொழுமொழுத்தது. ஒரு டயர் பழுதாக இருந்தது போய் இரண்டு டயர் பழுதானது.

"அப்ப டயர்ல பிழையில்ல," என்றார் இளையதம்பி. பெரிய விஷயம் ஒன்று கண்டுபிடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அடுத்துச் சில்லுகளின் அச்சு வளைந்திருக்கும் என்று நூல் பிடித்து அளந்தார்கள். அச்சு நேராக இருந்தது. ஸைனுலாப்தீன் காருக்குக் கீழே புகுந்து மல்லாந்து படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்தார். கடைசியில் அவர்தான் கண்டார். சில்லுக்கு மேலே கவிந்திருந்த மட்காட்டின் உள்விளிம்பு கண்ணாடிபோலத் தேய்ந்து பளபளத்தது.

"பாஸ், ரோட்டுல தேயல்ல. மட்காட்டுலதான் தேயுது. கார் இடப்பக்கம் சரிஞ்சி, மட்காட் டயரச் சீவுது."

"அப்பிடியெண்டா இடப்பக்க ஸ்பிரிங் சோர்ந்து போச்சு. அந்தப் பக்கம் மட்டும் ஒரு தட்டக் கூடப் போடுவம்."

போட்டார்கள். இப்போது கார் வெறுமனே நிற்கும்போது வலப்பக்கம் சாய்ந்து நின்றது. மருதமுனையிலிருந்து சாரன் கட்டுகளோடு ஏறிய நெசவுக்காரர்கள் நாலு பேரும் கட்டுகளும் ஒரே மூலையில் போய்க் குவிந்தார்கள். "காருக்குப் பாரிசவாதமா காக்கா?" என்று ஒருவர் அக்கறையாகவே கேட்டார். அந்தக் கிழமை வலப்பக்கத்து டயரும் சீவுப்படத் தொடங்கியது. அதற்காக இடப்பக்கம் நின்றுவிட்டதா என்றால், புதன்கிழமை மாலை பார்த்தபோது அங்கும் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது.

போட்ட தட்டைக் கழற்றினார்கள். ஸைனுலாப்தீனின் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மாற்று டயர். சொல்லிவைத்தாலும் மட்டக்களப்புக்குப் புது டயர் வர மாதக்கணக்காகும். டயர் இல்லாவிட்டால் கார் இல்லை, கார் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அவரைத் தின்றது அந்தப் பயம் மட்டும் இல்லை. கார் ஏன் இடப்பக்கம் மட்டும் சரிகிறது என்பதுதான்.

மறுநாள் றாஹிலாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்த சுண்ணாம்பு முழுவதையும் வழித்தெடுத்து இரண்டு பின்டயர்களின் விளிம்பிலும் வட்டமாகப் பூசினார். தனியே கல்முனைக்கு ஓட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு அப்படியே இருந்தது. ஆறு நெல் மூடைகளை ஏற்றிப் பார்த்தார். அப்படியே இருந்தது. கலியாண வீட்டுக்குப் போன ஏழு பெண்களை ஏற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் மயிரிழை அழிந்திருந்தது, அவ்வளவுதான். புதன்கிழமை சம்மாந்துறை போய்வந்து பார்த்தார். வலப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இடப்பக்கம் நக்கித் துடைத்தமாதிரி இருந்தது.

"புதன்கிழமைதான் றாஹிலா. கார்ல பிழையில்ல. புதன்கிழமையிலதான் பிழை."

"எனக்கு வெத்திலைக்குச் சுண்ணாம்பு இல்ல," என்றாள் றாஹிலா.

புதன்கிழமை இடப்பக்கம் இருப்பவர் ஹாஜறா. வலப்பக்கம் இருப்பவர் போடியார். போடியார் மலைபோல மனிதர். அவர் ஒரு பக்கம் இருக்க, கார் மறுபக்கம் சரிகிறது என்றால் ஹாஜறா எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்று ஸைனுலாப்தீன் மணலில் விரலால் கணக்குப் போட்டார். வந்த விடையை நம்ப முடியாமல் காலால் அழித்தார்.

"நீ ஒருக்காப் போய் ஹாஜறாமாமியோட கதைச்சி, அவங்கட நிறை என்னெண்டு கேட்டுட்டு வாவன்."

றாஹிலா சுண்ணாம்பில்லாத வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

"ஒரு ஊட்டுல வழக்கு நடக்குது. இன்னொரு ஊட்டுலயும் வேணுமா உங்களுக்கு?"

அடுத்த புதன்கிழமை போடியாரின் காலடியில், சீட்டுக்குக் கீழே, ஒரு சாக்கு நிறையக் கடற்கரை மணலைக் கட்டி வைத்தார். வலப்பக்கம் பாரம் கூடினால் கார் சமனாகும். மாவடிப்பள்ளி வளைவில் சாக்கு அவிழ்ந்து கொட்டியது. சம்மாந்துறையில் கதவைத் திறந்தபோது வலப்பக்கத் தரை முழுக்க மணல். நல்ல வேளை, போடியாரின் செருப்பில் ஒரு பொட்டு மணல்கூடப் படவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை. டயர் மட்டும் தேய்ந்திருந்தது.

அதற்கு அடுத்த புதன் ஒரு பொய் சொன்னார்.

"போடியார், இடப்பக்கக் கதவு கொளுக்கி இறுகிப்போச்சி. திறக்க ஆம்புளக் கை வேணும். இண்டைக்கு மட்டும் நீங்க இடப்பக்கம், மாமி வலப்பக்கம் இருங்க."

போடியார் இடப்பக்கம் போய் ஏறினார். ஹாஜறா திரைக்கு அப்பால் வலப்பக்கம் நகர்ந்தார். ஸைனுலாப்தீன் சம்மாந்துறைக்கு ஓட்டினார். அவர்கள் இறங்கி உள்ளே போனதும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். இடப்பக்கத்துச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. வலப்பக்கம் சுத்தமாக வழித்துப் போயிருந்தது.

இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஹாஜறா எந்தப் பக்கமோ கார் அந்தப் பக்கம். அவர் இறங்கி நடந்து போவதை ஸைனுலாப்தீன் ஓரக்கண்ணால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். நடுத்தரமான உடம்புதான். சில பேருக்கு எலும்பு கனம் என்று எங்கோ கேட்ட ஞாபகம் வந்தது.

அன்று மாலை இளையதம்பியிடம் போனார்.

"வேற வழியில்ல காக்கா. கழட்டின தட்டு நாலும் என்னட்டத்தான் இரிக்கு. திரும்பப் போட்டுக் கார ஒசத்துவம். மட்காட் தொடாது," என்றார் இளையதம்பி.

"ஒசத்தினா மாமிக்கு ஏற ஏலாதே. தவணைக்குப் போக ஏலாட்டி வழக்குத் தள்ளுபடியாகிடும். ஸைனுலாப்தீன் போடியாரிட்ட வாங்கித் திண்டுட்டுக் கார ஒசத்திட்டான் எண்டு ஊர் கதைக்கும்."

"ஒசத்தாட்டி?"

"ஒசத்தாட்டி டயர் இல்ல."

இளையதம்பி அந்த நாலு தட்டுகளையும் பழையபடி மூலையில் அடுக்கினார். ஒரு மனிதனின் குடும்பம் முறிவதும் தன் மட்காட் உராய்வதும் எப்படி ஒன்றாகப் பிணைந்தன என்று ஸைனுலாப்தீனுக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வழக்கு முடிந்தால் டயர் தப்பும். தீர்ப்பு எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி.

அடுத்த புதன் சம்மாந்துறையில் இரண்டு பேரும் இறங்கி, காதியார் வளவுக்குள் தனித்தனியாக நடந்து, கந்தோருக்குப் பின்னால் மறைந்தார்கள். மற்ற நாளென்றால் ஸைனுலாப்தீன் நெல் ஆலைக்கு முன்னாலிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போயிருப்பார். அன்று சால்வையைச் சரிசெய்துகொண்டு கந்தோருக்குள் போனார். காதியாரின் கிளாக்கர் மர்சூக் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நான் சாய்ந்தமருதுக் கார்க்காரன். போடியாரையும் பொஞ்சாதியையும் ஏத்திக்கிட்டு வாறவன்."

"வஅலைக்கும் ஸலாம். தெரியும் காக்கா. இரிங்க."

அவர் இருக்கவில்லை. நின்றபடியே ஆதியோடந்தமாகச் சொன்னார். டயரை மாற்றியது, தட்டுப் போட்டது, தட்டுக் கழற்றியது, சுண்ணாம்பு, மணல் சாக்கு, எலும்பு கனம், எல்லாம். மர்சூக் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நியாயம் கதைக்க வரல்ல தம்பி. எருமை யாருட எண்டு எனக்குத் தெரியா. காதியாரிட்டச் சொல்லி இந்த வழக்கக் கெதியா ஒரு முடிவுக்குக் கொண்டாந்தாப் போதும். சேத்து வெச்சாலும் சரி, பிரிச்சி உட்டாலும் சரி. இப்பிடி மாசக்கணக்கா இழுத்தா என்ட டயர் தாங்காது."

மர்சூக் எழும்பிப் போய்க் கந்தோரின் பின்பக்க ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வழக்கா? அது முதல் தவணையிலேயே வாபஸ் வாங்கியாச்சி காக்கா, வரக்குள்ளயே உங்கட காருக்குள்ள வெச்சிச் சமாதானமாகித்தாங்களாம். ஊட்டையும் மகளுக்குச் சீதனமாக் குடுத்துட்டு, மருமகன்மாரு பேரப்புள்ளையளுக்கு நடுவுல கிடக்கிற அந்த ரெண்டு பேருக்கும், ஒட்டி இருந்து கைய புடிச்சிக்கிட்டு வர உங்கட பின்சீட்ட உட்டா வேற எடமில்லயாம்."