கொதிக்கவைத்த தண்ணீரும் ஒரு மாப்பிள்ளையும்

அன்று படப்பை ரூமில் இருந்தது மூன்று பேர்: நான், ரூம்மேட் இசக்கி, அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அருணாசலம் மாமா. இல்லாதவன் செல்வம். அவனும் ரூம்மேட்தான், வாலாஜாபாத்காரன், ராத்திரி ஓவர்டைமுக்குப் போயிருந்தான். அவன் இல்லாமல் போனதால்தான் பிழைத்தோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான். படித்தது மைக்ரோபயாலஜி, ஒரகடம் கார் கம்பெனியில் பார்ப்பது, கதவில் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று. (படிப்பு வீணாகக் கூடாதே என்று கேன் தண்ணீரைக்கூடக் கொதிக்கவைப்பேன்.) அன்றும் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, "ஒரு கிருமி இருக்காது மாமா" என்று நன்னாரி சர்பத் கலந்தேன். ஆறவில்லை. ஓடிப்போய் ஐஸ் வாங்கிவந்து போட்டேன். மாமா இரண்டு டம்ளர் குடித்தார், நாங்கள் ஆளுக்கு ஒன்று.

மறுநாள் குன்றத்தூர் மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். விடிந்தபோது மூவரும் ஒரே கக்கூஸ் வாசலில் நின்றோம்.

என் வாய் சும்மா இருந்ததா? "கிருமி குடல் சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒரு நஞ்சை விடும் மாமா. அதுக்கு ஏமாந்து, உடம்புல உள்ள தண்ணியையும் உப்பையும் குடலே வெளிய ஊத்திரும்."

"ஊத்துறது தெரியுது தம்பி. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

இசக்கி தன் முறை வந்தும் மூன்று தடவை மாமாவுக்கு வழிவிட்டான். மூன்றாவது தடவை கதவு திறப்பதற்குள், பேசாமல் போய் லுங்கி மாற்றிக்கொண்டு வந்தான். கல்யாணம் போச்சு என்று எனக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் செல்வம் ஷிஃப்ட் முடிந்து வந்தான். "இன்னாபா, மூணு பேரும் சுவத்தப் புடிச்சிக்கினு நிக்கறீங்க? ஐஸ் எங்க வாங்குன?"

"முக்குல, மீன்கடையில."

"மீனு மேல கொட்ற ஐஸா? நீ இன்னாதான்பா படிச்ச?"

(குளிரில் பல கிருமிகள் சாகாது, சும்மா கிடக்கும். பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவன் நான்.)

செல்வம் உப்பு சர்க்கரைப் பொடி கரைத்துக் கொடுத்து, எங்களை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினான். டிரிப்ஸ் ஏறும்போது மாமா சொன்னார்: "தன் லுங்கி போனாலும் எனக்கு வழிவிட்டான்லா. பொண்ணை இவனுக்கே கொடுத்திருதேன்."

இப்போது இசக்கி வீட்டுக்கு எப்போது போனாலும் மாமா உள்ளே பார்த்து, "தம்பிக்கு ஐஸ் இருக்கா?" என்பார். இசக்கியின் மனைவி ஆவி பறக்கும் வெந்நீரைக் கொண்டுவந்து வைப்பாள்.

ஆஸ்பத்திரி, பொடி, ஆட்டோ, புது லுங்கி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து ரூபாய். அதில் ஐஸ் பத்து ரூபாய்.